சடை பின்னும் விரல்கள்



பள்ளிப் பருவம் எய்தாத நம் குழந்தைகளுக்கு விலையுயர்ந்த பொம்மைகள் வேண்டுவதில்லை. தலைமுடி பற்றிய எளிய விளையாட்டுகளே போதும். சன்னல் கம்பியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று கம்பளி நூல்களைக் கட்டிக் கொடுப்போம். ஆணோ பெண்ணோ, ஐந்து வயதுக் குழந்தை சில நாட்களில் சடை பின்னப் பழகும். மூன்று வயதுக் குழந்தை நூலை முறுக்கி மகிழும். நாளை எழுதுகோல் பிடிக்கவேண்டிய விரல்கள் இவ்வாறு வலிவு பெறும். 1939இல் சென்னைக்கு வந்த மரியா மாண்டிசோரி அம்மையாரின் கல்விமுறையில், நாடா முடியப் பழகுவதற்கென்றே ஒரு சட்டம் உண்டு.

கொட்டாங்கச்சியில் ஈரமண் நிரப்பிக் கடுகு தூவுவோம். அதன் புறத்தே குழந்தை வெண்கட்டியால் முகம் வரையட்டும். ஒரு வாரத்தில் பச்சைமுடி வளர்ந்து நிற்கும். நம் கண்ணெதிரே, முனை மழுங்கிய கத்தரியால் அதனை வெட்டி மகிழட்டும்.

இவ்வூரில் நம் குழந்தைகள் ‘கங்கி’, ‘சோட்டி’ என்றே கூறக் கேட்கிறோம். அவையும் நல்ல சொற்களே. ஆயினும் சீப்பு, வகிடு, சடை, கொண்டை, குஞ்சலம் என்பவற்றை நாம் சொல்லாவிடில் வேறு யார் சொல்வார்? மகளிர் கூந்தலை ஐவகையாக முடித்தமையால் அதற்கு ‘ஐம்பால்’ எனப் பெயரிட்ட மொழி நம்முடையது.

சுருள்முடியாயினும் குட்டைமுடியாயினும் ஏளனத்திற்கு இடந்தரலாகாது. ஒருவர் சீப்பை மற்றவர் பயன்படுத்தினால் பேன் பரவும். ஆதலின் பொம்மைக்கெனத் தனிச் சீப்பு வைப்போம்.

நாள்தோறும் தலைவாரும் பத்து நிமிடமே நம் வீட்டுத் தமிழ் வகுப்பு. அதனை விளையாட்டாகவே நடத்துவோம். வாழ்க தமிழ்!