ஆப்பிள் நாற்றங்காலில் இயற்கை உரம்: வேரை அளக்காத சோதனைகள்



இமயமலைச் சரிவுகளில் என்னைவிட நெடுங்காலம் உழைத்தவர்கள் எதிரே அமர்ந்திருக்க, இந்தக் கருத்தரங்கின் தலைமை இருக்கை எனக்குக் கிடைத்தது பெருமை. அதைவிடக் கூச்சம் அதிகம். தொழு உரம், மண்புழு உரம், புண்ணாக்கு, நுண்ணுயிர் உரம் ஆகியவற்றைத் தனித்தனி அமர்வுகள் விரிவாகப் பேசவிருக்கின்றன. அவற்றின் சத்துக் கணக்கை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. நெடுநாளாக என்னை உறுத்தும் ஒரு வழக்கை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

நம் சோதனைகள் பலவும் தழைச்சத்தைச் சமப்படுத்தித்தான் தொடங்குகின்றன. தொழு உரத்தில் அரை விழுக்காடு தழைச்சத்து என்றால் 20 டன்னில் 100 கிலோ. ஏறத்தாழ 217 கிலோ யூரியாவிலும் அதே 100 கிலோ. இரண்டையும் அடுத்தடுத்த பாத்திகளில் இட்டு, பருவ முடிவில் கன்றின் உயரத்தையும் தண்டின் பருமனையும் அளந்து, யூரியா வென்றது என்று எழுதுகிறோம். தொழு உரத்தின் தழைச்சத்தில் ஒரு பகுதியே முதல் ஆண்டில் கிடைக்கும் என்பது அனைவரும் அறிந்ததே. என் மறுப்பு அதைப் பற்றியதன்று. இமாச்சலத்தில் ஆப்பிள் கன்றை இலை உதிர்ந்த குளிர்காலத்தில் பிடுங்கி, மண்ணில்லா வெறும் வேரோடு கட்டி அனுப்புகிறார்கள். சல்லிவேர் இல்லாத கன்று ஆறடி உயரம் இருந்தும், வாங்கியவர் நிலத்தில் அது வேர் பிடிக்கத் திணறும். அப்படியிருக்க, நம் அட்டவணைகளில் வேருக்கு ஒரு பத்திகூட இல்லையே!

இயற்கை உரத்தை மறுப்போர் வழக்கமாக இங்கிலாந்தின் வோபர்ன் பழப்பண்ணையைச் சாட்சிக்கு அழைப்பார்கள். பெட்ஃபோர்டு கோமகனுடன் ஸ்பென்சர் பிக்கரிங் 1894இல் தொடங்கிய பண்ணை அது. அங்கே சாணமும் செயற்கை உரமும் ஆப்பிள் மரங்களில் பெரிய மாற்றம் எதையும் காட்டவில்லை. முடிவு நேர்மையானது, ஐயமில்லை. ஆனால் அது கனத்த மண்ணில் நின்ற தோட்டத்து மரங்களைப் பற்றிய முடிவு. ஆண்டுதோறும் தோண்டிப் பிடுங்கி வெறுமையாகும் நாற்றங்கால் பாத்திக்கு அதை எப்படிப் பொருத்துவது?

பிக்கரிங்கைப் படித்தவர்கள் ஆல்பர்ட் ஹோவர்டு 1925இல் இராயல் சொசைட்டியின் நடவடிக்கைகளில் எழுதிய கட்டுரையைப் படிப்பதில்லை. பழமரங்களின்மேல் புல்லின் விளைவைப் பற்றி பீகாரின் பூசாவில் செய்த ஆய்வு அது. இந்தூர் கம்போஸ்ட் முறைக்காக அவரைப் போற்றுகிறோம். இந்தக் கட்டுரையை மறந்துவிட்டோம். புல்லால் மரம் கெடுவதற்கு வேருக்குக் காற்று போதாமையே காரணம் என்ற அவர் வாதத்தை நான் முழுதாக ஏற்கவில்லை. நீருக்கும் தழைச்சத்துக்கும் புல் போட்டியிடுவதே முதன்மைக் காரணம் என்று பின்வந்தோர் கொண்டனர். அவர் பார்த்த மரங்களும் ஆப்பிள் அல்ல. ஆனால் அவர் வேரைப் பார்த்தார். தெளிப்பானின் மெல்லிய நீர்ப்பீச்சால் மண்ணைக் கழுவி, மேல்வேர் எங்கே, ஆழ்வேர் எங்கே என்று வெளிக்கொணர்ந்தார்.

வேரளவை சேர்த்து எழுதிய என் கட்டுரையை ஒரு மூத்த அறிஞர், “தோண்டினால் சல்லிவேர் அறுந்துவிடும், அளவு நம்பத்தக்கதன்று” என்று திருப்பியனுப்பினார். அவர்மீது எனக்கு மதிப்பு உண்டு. மண்வெட்டியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. தண்ணீரைக் கொண்டு அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்க்கலாம் என்று ஹோவர்டு காட்டிப் பல தலைமுறைகள் ஆகிவிட்டனவே!

இயற்கை உரத்தின் பக்கம் நிற்போரிடமும் எனக்கு வழக்கு உண்டு. மக்காத சாணத்தைப் பாத்தியில் கொட்டினால் வண்டுகள் முட்டையிட்டு வெண்புழு பெருகும். அது தின்பது நாம் வளர்க்க நினைத்த வேரைத்தான். மண்புழுத் தொட்டியில் சூடேறும் கட்டம் இல்லை. முதலில் குவித்து 55 பாகை செல்சியசுக்கு மேல் வேகவிடாத உரத்தில் களைவிதையும் நோய்க்கிருமியும் பிழைத்திருக்கும். எம்.எம்.106 வேர்ச்செடி கழுத்தழுகலுக்கு எளிதில் ஆட்படும் என்று தெரிந்தும், ஈர உரத்தை அதன் அடித்தண்டோடு அணைக்கச் சொல்லும் பரிந்துரைகளை என்னால் ஏற்க முடியாது.

ஆகவே கட்டுரை வாசிக்கவிருக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பேன்: பிடுங்கிய கன்றின் வேரைக் கழுவி, உலர்த்தி, எடை பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால், எந்த உரம் சிறந்தது என்ற உங்கள் முடிவை நான் ஏற்கப்போவதில்லை.