ஆபாசச் சட்டமும் தேர்ச் சிற்பமும்

பேச்சுரிமையும் எழுத்துரிமையும் அரசியல் சட்டத்தின் 19-வது விதியில் கொடுக்கப்பட்டிருப்பதாகச் சொல்லப்படுகின்றது. அதை நம்பி ஒரு புத்தகக் கடைக்காரர் சுப்ரீம் கோர்ட்டுவரை போன கதையையே இன்று சொல்ல வந்தோம்.

பம்பாயில் ரஞ்சித் உதேஷி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் புத்தகக் கடை வைத்திருந்தார்கள். 1959-ம் வருஷம் டிசம்பரில், போலீசார் அனுப்பிய ஒரு போலி வாடிக்கைக்காரருக்கு, லாரன்ஸ் எழுதிய 'லேடி சாட்டர்லியின் காதலன்' என்னும் நாவல் விற்கப்பட்டது. பீனல் கோடு 292-வது செக்ஷன்படி ஆளுக்கு 20 ரூபாய் அபராதம். இருபது ரூபாய்தானே என்று கட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். அவரோ, அந்தச் செக்ஷனே 19-வது விதிக்கு விரோதம் என்று வாதாடினார். 1964-ல் ஐந்து ஜட்ஜுகள், ஒழுக்கத்தைக் காக்க நியாயமான தடை விதிக்கலாம் என்று அதே விதி இடங்கொடுக்கின்றது என்பதாகச் சொல்லித் தள்ளிவிட்டார்கள். 1960-லேயே லண்டன் ஜூரிகள் அதே புத்தகத்தைக் குற்றமற்றதென்று விட்டுவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

எது ஆபாசம் என்று அளக்க நமது ஜட்ஜுகள் எடுத்த கோல் 1868-ல் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. கெடக்கூடிய மனமுள்ளவர்களைக் கெடுக்கும் தன்மை ஒரு எழுத்துக்கு இருந்தால் அது ஆபாசம் என்பதே அதன் தாத்பரியம். அந்தக் கோல் யார் முதுகில் விழுந்தது தெரியுமா? ஹென்றி ஸ்காட் என்பவர் (நம்மைப்போல் நாஸ்திகரல்ல, புராட்டெஸ்டண்டு மதக்காரர்) கத்தோலிக்கப் பாதிரிகள் பாவமன்னிப்பின்போது பெண்களிடம் கேட்கும் கேள்விகளை அம்பலப்படுத்தும் ஒரு சிறு புத்தகத்தை லாபமின்றி விற்று வந்தார். 252 பிரதிகள் பறிமுதலாயின. நோக்கம் எதுவானாலும் குற்றம் குற்றமே என்றார்கள். பாதிரி கேட்டது ஆபாசமல்லவாம். கேட்டதை அச்சிட்டதுதான் ஆபாசமாம்!

இந்தக் கோலை நம் சுப்ரீம் கோர்ட்டு 2014-ல்தான் ஒடித்துப் போட்டது. இனி சமூகத்தின் தற்கால அளவைப் பார்க்க வேண்டுமாம். எந்தச் சமூகத்தின் அளவு? கர்ப்பத்தடை என்று வாயெடுத்தாலே காதைப் பொத்திக் கொண்டவர்களும் சமூகந்தானே!

இன்னொரு வேடிக்கையும் உண்டு. கோவிலிலோ சாமியை ஏற்றிச் செல்லும் தேரிலோ உள்ள சிற்பத்துக்கும் சித்திரத்துக்கும் இந்தச் செக்ஷன் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கின்றது. பீனல் கோடு போய் 2024 ஜூலையில் அமுலுக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 294-வது செக்ஷனிலும் அந்த விலக்கு இருக்கின்றது. சிற்பத்தை உடைக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை, அது இருக்கட்டும். 1969-ல் இலக்கியத்துக்கும் கலைக்கும் விஞ்ஞானத்துக்கும்கூட ஒரு விலக்குச் சேர்த்தார்கள். ஆனால் எழுதினவன், தன் எழுத்து பொது நன்மைக்கானது என்று ருஜுப்படுத்த வேண்டும். தேருக்கு அப்படி எந்த ருஜுவும் கேட்பதில்லை.