ஆழத்தில் பதிந்த அதிர்வு



ஒரே நிலநடுக்கத்தில் ஒரு தெருவின் வீடுகள் நிற்கின்றன. அடுத்த தெருவின் வீடுகள் சரிகின்றன. கட்டியவரைக் குறை கூறுகிறோம். சில வேளைகளில் அது நியாயமே. ஆயினும் காலடி மண்ணுக்கும் அதில் பெரும் பங்குண்டு.

1995 ஜனவரி 17 அன்று அதிகாலை 5.46 மணிக்கு ஜப்பானின் கோபே நகரம் குலுங்கியது. 6,400-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் தம் வீடுகளின் இடிபாடுகளில் சிக்கியவர்கள். அதன் பின்னர் அந்நாட்டில் ஏறத்தாழ 700 இடங்களில் ஆழ்துளை இட்டு, அடியில் ஒன்றும் தரையில் ஒன்றுமாக அதிர்வுமானிகளைப் பொருத்தினர். 'கிக்-நெட்' எனும் இவ்வமைப்பின் துளைகளில் பெரும்பாலானவை 100 மீட்டரோ அதற்கும் கூடுதலோ ஆழமுள்ளவை.

ஏன் இத்தனை ஆழம்? லாரியும் ரயிலும் எழுப்பும் அதிர்வுகள் அங்கே அடங்கிவிடும். கீழிருந்து வரும் அலையும் அங்கு முன்னதாக எட்டும். ஆனால் மனிதன் வாழ்வது மேற்பரப்பில் அல்லவா! கீழே பதிவானதைக் கொண்டு மேலே எவ்வளவு குலுங்கும் என்று கணித்தாக வேண்டும்.

கடினப் பாறையில் விரைந்து வரும் அலை, இளகிய மண்ணில் வேகம் குறைகிறது. வேகம் குறையக் குறைய வீச்சு பெருகுகிறது. எனவே இரு பதிவுகளையும் ஒப்பிட்டு, இத்தனை மடங்கு என்று ஓர் எண்ணைக் கண்டுவிட்டால் போதுமெனத் தோன்றும். போதாது. தரையை எட்டிய அலை திரும்பிக் கீழிறங்குகிறது. ஆழத்துக் கருவி ஏறும் அலையையும் இறங்கும் அலையையும் சேர்த்தே பதிகிறது. சில அதிர்வெண்களில் அவை ஒன்றையொன்று தணித்துவிடும். அப்போது கீழ்ப்பதிவு சிறுத்துப்போக, மண்ணின் பெருக்கம் உள்ளதைவிட மிகையாகத் தோன்றும்.

மற்றொன்றை எண்ணிப் பாருங்கள். கோபேயில் கடலைத் தூர்த்து உருவாக்கிய போர்ட் ஐலண்ட் தீவில், அந்த விடியற்காலையில் தரையிலும் 16, 32, 83 மீட்டர் ஆழங்களிலும் கருவிகள் இயங்கிக்கொண்டிருந்தன. 83 மீட்டர் ஆழத்தில் வடக்கு தெற்கான முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. தரையிலோ மூன்றில் ஒரு பங்குதான். பெருகவில்லை, பாதியாகக் குறைந்தது! நீரூறிய நிரப்பு மண் கூழாகி, பக்கவாட்டு அசைவை மேலே கடத்தும் வலுவை இழந்திருந்தது. செங்குத்து அசைவு மட்டும் மேலே மிகுந்தே இருந்தது. அசைவு குறைந்ததே என்று ஆறுதல் கொள்வதற்கில்லை. துறைமுகச் சுவர்கள் கடலை நோக்கிப் பல மீட்டர் சரிந்தன. சிறு அதிர்வுகளில் கண்ட மடங்கு பெரும் அதிர்வுக்குப் பொருந்தாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஜப்பானில் 2007 அக்டோபர் முதல் பொதுமக்களுக்கு நிலநடுக்க முன்னெச்சரிக்கை அளிக்கப்படுகிறது. 2015 முதல் தலைநகர்ப் பகுதியில் 500 மீட்டருக்கும் கீழே உள்ள கருவிகளின் பதிவுகளும் அதற்குப் பயன்படுகின்றன. கிடைப்பவை சில விநாடிகளே. கணிப்பு குறைந்து போனால், தாய் தன் பிள்ளையை மேசைக்கு அடியில் இழுக்க மாட்டாள். மிகைக் கணிப்பு பலமுறை வந்துவிட்டால், அடுத்த முறை படுக்கையை விட்டு எழவும் மாட்டாள். ஆகவேதான் ஒவ்வொரு துளையிலும் எந்த அடுக்கில் என்ன மண், அதில் அலை எத்தனை வேகத்தில் செல்கிறது என்று அடுக்கடுக்காக அளந்து வைக்கிறார்கள்.