வெட்டுப்புள்ளி இல்லாத பரீட்சை

(நூற்றாண்டு விழாவையொட்டி வெள்ளவத்தையில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நாங்கள் வெட்டுப்புள்ளிக்குப் பயந்து வளர்ந்தவர்கள். 2001இல் உயர்தரத்துக்கு இசட் புள்ளி வந்தபின் அந்தப் பயம் நான்கு தசமதானம் வரை நீண்டது. மாவட்ட வெட்டுப்புள்ளிக்கு மேலே என்றால் உள்ளே. துளி குறைந்தாலும் வெளியே. அந்தக் கண்ணால் ஜிமேட் பரீட்சையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லவே இன்று எழுந்து நிற்கிறோம்.

கடந்த வருடம் கொட்டாஞ்சேனைத் தங்கை ஒருத்தி எங்களோடு தொலைபேசியில் கதைத்தாள். வங்கியில் ஆறு வருட வேலை. வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க ஆசை. ஜிமேட்டில் 645. "அக்கா, அங்கே சராசரி 700ஆம். நான் விண்ணப்பிக்கேல்லை" என்றாள். முடிவுத் திகதிக்குப் பத்து நாள்தான் இருந்தது.

அவள் பார்த்தது பழைய பரீட்சையின் சராசரி. 2023 நவம்பரில் ஜிமேட் மாறியது. முன்பு 200 முதல் 800 வரை. இப்போது 205 முதல் 805 வரை. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் அளவுகோல் வேறு. புதிய 645, பழைய 700க்கு ஏறத்தாழச் சமம். புதிய மொத்தப் புள்ளி எப்போதும் 5இல் முடியும், அதுவே அடையாளம்.

ஆகவே தங்கைமாரே, முதலில் அந்தக் கல்லூரி தரும் எண் எந்தப் பரீட்சைக்குரியது என்று பாருங்கள். இரண்டாவது, சராசரி வெட்டுப்புள்ளி அல்ல. அதற்குக் கீழே எடுத்தவர்களும் உள்ளே இருக்கிறார்கள். எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை சேர்த்தார்கள் என்பதைத் தேடுங்கள். மூன்றாவது, கணிதம், மொழி, தரவு ஆகிய மூன்று பகுதிகளுக்கும் 60 முதல் 90 வரை தனிப் புள்ளி உண்டு. ஒன்று மட்டும் படுத்திருந்தால் அவர்கள் கண்ணிலும் படும்.

அந்த எல்லைக்கு நன்றாகக் கீழே நின்றால், அல்லது புலமைப்பரிசில் இல்லாமல் போக முடியாதென்றால், இன்னொரு முறை எழுதுங்கள். எல்லைக்குள் நின்றால், அந்தக் காசையும் மாதங்களையும் கட்டுரைக்கும் சிபாரிசுக் கடிதத்துக்கும் செலவிடுங்கள். பெறுபேறு ஐந்து வருடம் செல்லும்.

அந்தத் தங்கை விண்ணப்பித்தாள். நேர்முகத்துக்கு அழைத்தார்கள், இடமும் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி அமையும் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொல்ல வேண்டிய "இல்லை"யை நீங்களே உங்களுக்குச் சொல்லிவிடாதீர்கள். அதற்கு முன் எங்களில் ஒருத்தியிடம் கேளுங்கள்.