வாடகை வீட்டைப் பார்த்துக்கொள்ளும் நிறுவனத்தை மாற்றுவது எப்படி?



தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். கணவர் செம்பனைக் குலை வெட்டுகிறார். மனைவி உரம் போடுகிறார். ஊழியர் சேமநிதிப் பணத்தோடு வங்கிக் கடனையும் சேர்த்து, பட்டணத்துத் தாமான் ஒன்றில் சிறிய வீடு வாங்கினார்கள். வேலை ஓய்ந்த நாளில் லயத்து வீட்டைத் தோட்டத்திடம் ஒப்படைக்க வேண்டும். அன்று தலைசாய்க்க ஓர் இடம் வேண்டுமே என்பதுதான் அவர்கள் எண்ணம். அதுவரை வீட்டை மாதம் 700 வெள்ளி வாடகைக்கு விட்டார்கள். வாடகை வசூலிக்கவும் பழுது பார்க்கவும் ஒரு நிறுவனத்தை அமர்த்தினார்கள்.

முதல் வருடம் குறையில்லை. பிறகு, ஐந்தாம் தேதி வரவேண்டிய பணம் இருபதாம் தேதி வந்தது. ஒரு மாதம், "குழாய் உடைந்தது, 180 வெள்ளி பிடித்துக்கொண்டோம்" என்றார்கள். கடைக்காரரின் பில்லைக் காட்டவில்லை.

"ஏங்க, இவங்கள நிறுத்திட்டு வேற ஆளப் பார்க்கலாமே?" என்கிறார் மனைவி.

"நிறுத்தினா, டிபோசிட்டையும் சாவியையும் தரமாட்டேன்னு சொல்லிட்டா என்ன புள்ள பண்றது?" என்கிறார் கணவர்.

நேயர்களே, இந்த அச்சம் பல குடும்பங்களில் உண்டு. ஆகவே முதலில் ஒன்றைத் தெளிவாகத் தெரிந்துகொள்வோம். வீடு உங்களுடையது. நிறுவனம் உங்கள் சார்பில் வேலை செய்யும் முகவர் மட்டுமே. நம் நாட்டின் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் முகவருக்குச் சில கடமைகளை விதித்திருக்கிறது. நீங்கள் கேட்கும்போது அவர் கணக்குக் காட்டவேண்டும். உங்களுக்காக வாங்கிய பணத்தில், தமக்கு முறைப்படி வரவேண்டிய கூலியையும் செலவையும் கழித்துக்கொண்டு, மீதியை உங்களிடம் செலுத்தவேண்டும். அவரை நீக்கும் உரிமையும் பொதுவாக உங்களுக்கு உண்டு. ஆனால் எதற்கும் ஒரு முறை இருக்கிறது.

முதல் வேலை, பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் ஒப்பந்தத்தை வெளியே எடுப்பது. அது மலாயிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், படித்த பிள்ளைகளை விட்டு வரிவரியாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒப்பந்தம் எத்தனை வருடத்துக்கு? நிறுத்துவதென்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு? இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். காலவரையறை உள்ள ஒப்பந்தத்தைத் தக்க காரணமின்றி இடையில் முறித்தால், நீங்கள் நட்டஈடு கொடுக்க நேரலாம். தவணை எதுவும் எழுதாவிட்டாலும், நியாயமான முன்னறிவிப்புக் கொடுக்கவேண்டும். கோபத்தில் தொலைபேசியில் இரண்டு வார்த்தை திட்டிவிட்டு, "நாளையிலிருந்து வேண்டாம்" என்பது முறையாகாது.

இரண்டாவது, கணக்கு. பால் நிறுக்கும்போது தராசு முள்ளைப் பார்க்காமல் வருவோமா? செக்ரோலில் ஒரு நாள் பெயர் விடுபட்டால் கிராணியைக் கேட்காமல் இருப்போமா? வீட்டுக் கணக்கும் அப்படித்தான். வாடகை 700 வெள்ளி. நிறுவனத்தின் கூலி பத்து விழுக்காடு என்று பேசியிருந்தால் 70 வெள்ளி. உங்களுக்கு வரவேண்டியது 630 வெள்ளி. குழாய்க்கு 180 போனால் 450. ஒவ்வொரு மாதமும் வரவேண்டியது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்று ஒரு பள்ளிப் புத்தகத்தில் இரண்டு பத்தியாக எழுதுங்கள். பிடித்த தொகை ஒவ்வொன்றுக்கும் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். நிறுவனத்துக்கு நீங்கள் தரவேண்டிய பாக்கி இருந்தால் அதைத் தீர்த்துவிடுங்கள். ஏனெனில் கூலி பாக்கி இருந்தால், உங்கள் பத்திரங்களைப் பிடித்துவைக்க முகவருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

மூன்றாவது, கடிதம். எந்தத் தேதியோடு அவர்கள் வேலை முடிகிறது, எவற்றையெல்லாம் ஒப்படைக்கவேண்டும் என்று எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி ஒன்றும் தபால் ரசீதும் உங்களிடம் இருக்கட்டும். ஒப்படைக்கவேண்டியவை: எல்லாச் சாவிகள், வாடகை ஒப்பந்தத்தின் அசல், வாடகைக் கணக்கு, மின்சாரம், தண்ணீர் பில்கள், பிறகு டிபோசிட் பணம்.

இந்த டிபோசிட்டைப் பற்றிச் சற்று நின்று பேசவேண்டும். நம் நாட்டு வழக்கத்தில் வீட்டுக்கு இரண்டு மாத வாடகையும், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாத வாடகையும் டிபோசிட்டாக வாங்குகிறார்கள். 700 வெள்ளி வீட்டுக்கு 1,400-ம் 350-ம் சேர்த்து 1,750 வெள்ளி. இது நிறுவனத்தின் பணமும் அன்று, உங்கள் பணமும் அன்று. குடியிருப்பவர் நம்பி வைத்த பணம். அவர் வீட்டைக் காலி செய்யும் நாளில் உங்களிடம்தான் கேட்பார். பழைய நிறுவனம் கொடுக்காமல் இழுத்தடித்தால், உங்கள் சம்பளத்திலிருந்து எடுத்துக் கொடுக்க நேரிடும். ஆகவே டிபோசிட் கைமாறியதற்கு எழுத்தில் ஒப்புதல் வாங்கும்வரை, மாற்றம் முடிந்துவிட்டது என்று எண்ணவேண்டாம்.

நான்காவது, பலர் மறந்துவிடுவது: குடியிருப்பவருக்குச் சொல்வது. பழைய முகவரை நீக்கியது அவருக்குத் தெரியாதவரையில், அந்த நீக்கம் அவரைக் கட்டுப்படுத்தாது. ஒன்றும் அறியாமல் அவர் பழைய நிறுவனத்திடமே வாடகையைக் கட்டினால், "எனக்கு வரவில்லை, மறுபடி கட்டு" என்று அவரிடம் கேட்க முடியாது. ஆகவே அதே நாளில் அவருக்கும் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நிறுவனம் மாறினாலும் அவருடைய வாடகை ஒப்பந்தம் மாறாது; அதே வாடகை, அதே தவணை. முகவரை மாற்றும் சாக்கில் அவரை வெளியேற்றப் பூட்டை மாற்றுவது கூடாது. 1950-ஆம் ஆண்டு குறித்த நிவாரணச் சட்டத்தின்படி, குடியிருப்பவர் தாமாக வெளியேறாவிட்டால் நீதிமன்றத்தின் மூலமே வீட்டைத் திரும்பப் பெறவேண்டும்.

ஐந்தாவது, புதிய நிறுவனம். எலிக்குப் பயந்து புலியிடம் போய்விடக் கூடாதல்லவா? சொத்து முகவர்களையும் மதிப்பீட்டாளர்களையும் பதிவு செய்யும் 1981-ஆம் ஆண்டின் 242-ஆம் சட்டம், 2017-ல் திருத்தப்பட்டுச் சொத்து நிர்வாகிகளையும் தன் பெயரிலேயே சேர்த்துக்கொண்டது. "உங்கள் பதிவு எண் என்ன?" என்று கூசாமல் கேளுங்கள். அந்த எண்ணை வாரியத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். வாடிக்கையாளர் பணத்துக்குத் தனிக் கணக்கு இருக்கிறதா என்றும் கேளுங்கள். எந்தத் தேதிக்குள் வாடகை உங்களுக்கு வந்துசேர வேண்டும், எவ்வளவு வெள்ளிக்கு மேற்பட்ட பழுதுக்கு உங்களைக் கேட்கவேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

அத்தனையும் செய்தும் பழைய நிறுவனம் பணத்தைத் தராவிட்டால்? 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள், 5,000 வெள்ளி வரையிலான சிறு வழக்குகளுக்கு மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் எளிய முறை ஒன்றை வகுத்தன. அதில் வழக்கறிஞர் வைக்காமல் நீங்களே வழக்குப் பதியலாம். நீங்கள் எழுதிய பள்ளிப் புத்தகமும், பற்றுச்சீட்டுகளும், தபால் ரசீதும் அங்கே உங்களுக்காகப் பேசும்.

முன்பு சொன்ன அந்தக் கணவரின் கேள்விக்கு இப்போது விடை கிடைத்திருக்கும். சாவியைத் தரமாட்டார்களோ என்று பயந்து, மாதந்தோறும் குறைந்து வரும் பணத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கவேண்டியதில்லை. சண்டையும் வேண்டாம், சலிப்பும் வேண்டாம். ஒப்பந்தம், கணக்கு, கடிதம், குடியிருப்பவருக்கு அறிவிப்பு, புதியவரைச் சோதித்தல், இந்த ஐந்தையும் வரிசையாகச் செய்தால் போதும்.

இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் அந்தப் பெட்டியைத் திறந்து, ஒப்பந்தத்தைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். விடியற்காலையில் பெரட்டுக்கு ஓடி ஓடிச் சேர்த்த வீடு அது. லயத்தை விட்டுப் புறப்படும் நாளில் அதன் கதவைத் திறக்கும் சாவி உங்கள் கையில் இருக்கவேண்டும்.