மார்க் பார்க்காத கடன்

ஆஸ்பத்திரிச் செலவு சொல்லிட்டா வருது? அவசரமா பேங்குக்கு ஓடினா, "உங்க சிபில் ஸ்கோர் சரியில்லையே"ம்பாங்க. 300-லேருந்து 900 வரைக்கும் போடுற மார்க் அது. தவணை தவறினா இறங்கிடும்.

அதுக்காக, 'அஞ்சு நிமிஷத்துல கடன்'னு செல்போன்ல கூப்பிடுற முன்பின் தெரியாத செயலியைத் தொட்டுடாதீங்க. முதல்ல பீரோவைத் திறங்க. நகை இருந்தா பேங்க்லயோ கூட்டுறவு சங்கத்துலயோ அடகு வைக்கலாம். நகையே ஈடா நிக்கிறதால மார்க்கைப் பெரிசா பார்க்க மாட்டாங்க. வைப்புத்தொகை மேலயும் கடன் உண்டு. சில வருஷம் பிரீமியம் கட்டின சேமிப்பு வகை எல்.ஐ.சி. பாலிசி மேலயும் உண்டு. பி.எஃப். பிடிக்கிற சம்பளக்காரங்க, வைத்தியத்துக்கு அதுலேருந்து முன்பணம் எடுக்கலாம். வட்டி கிடையாது, திருப்பிக் கட்டவும் வேண்டாம். ஓய்வுக்காலச் சேமிப்பு அந்த அளவு குறையும், அவ்வளவுதான்.

எங்கே வாங்கினாலும், கட்டணமெல்லாம் சேர்த்து வருஷத்துக்கு எவ்வளவுன்னு கேளுங்க. மாசத்துக்கு மூணு வட்டின்னு லேசா சொல்லுவாங்க. வருஷத்துக்கு அது 36 சதவீதம்!

ஒருத்தர் நண்பர்கிட்ட கைமாத்து கேட்டார்.

"உன் சிபில் ஸ்கோர் எவ்வளவுப்பா?"

"அதெல்லாம் தெரியாது. ஆனா நான் தெருவுல நடந்தா பாதிப் பேர் எதிர்ப்பக்கம் போயிடுறாங்க!"