வில்னியஸைச் சுற்றி



பால்டிக் கடலின் கீழைக் கரையிலே மூன்று சிறு நாடுகள் வரிசையாக நிற்கின்றன. வடக்கே எஸ்தோனியா, நடுவே லாத்வியா, தெற்கே லித்துவேனியா. மூன்றும் 1940-இல் சோவியத் ஆட்சிக்குள் அகப்பட்டு, 1990, 1991-ஆம் ஆண்டுகளில் மீண்டும் தனி நாடுகளாயின. இவற்றின் தலைநகரங்களில் தாலினும் ரீகாவும் துறைமுகப் பட்டினங்கள். லித்துவேனியாவின் தலைநகரான வில்னியஸுக்கு மட்டும் கடல் இல்லை. கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உள்ளே தள்ளி, நேரிஸ் ஆற்றின் கரையிலே, காடுகளும் ஏரிகளும் சூழ அமர்ந்திருக்கிறது அந்நகரம். கடல் இல்லாத குறையை இந்தச் சுற்றுப்புறம் தீர்த்துவைக்கிறது.

நகருக்குள் காணவேண்டியவை பல உண்டு. ஆயினும் அவற்றைப் பற்றி இன்று நாம் பேசப்போவதில்லை. இரண்டு நாள் நகரைச் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் காலையில், "இன்று எங்கே போகலாம்?" என்று கேட்பவர்களுக்கு விடை சொல்வதே இன்றைய பேச்சு. காலைச் சிற்றுண்டி முடித்துப் புறப்பட்டு, இருட்டுவதற்குள் அறைக்குத் திரும்பிவிடக்கூடிய இடங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். இருட்டுவதற்குள் என்று சொல்லும்போது ஓர் எச்சரிக்கையும் வேண்டும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணிக்கும் அங்கே வானத்தில் வெளிச்சம் உண்டு. டிசம்பரிலோ, பிற்பகல் நான்கு மணிக்கே விளக்கேற்ற வேண்டும். ஆதலால் மே முதல் செப்டம்பர் வரையே இத்தகைய பயணங்களுக்கு ஏற்ற காலம்.

முதலில் த்ராகாய். வில்னியஸுக்கு மேற்கே 28 கிலோமீட்டரில் உள்ள சிற்றூர். ரயிலில் அரை மணி நேரம். பஸ்ஸிலும் போகலாம். ஏரிகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் நிலத்துண்டில் ஊர் அமைந்திருக்கிறது. கால்வே என்னும் ஏரியின் நடுவிலே ஒரு தீவு. அத்தீவிலே செங்கல்லால் எழுந்த ஒரு கோட்டை. மரப்பாலத்தின்மேல் நடந்து அதை அடையவேண்டும். பதினான்காம் நூற்றாண்டிலே கெஸ்துதிஸ் என்னும் மன்னர் தொடங்கிய இக்கோட்டையை, அவர் மகன் விதாவ்தாஸ் பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்தார். விதாவ்தாஸ் காலத்தில் லித்துவேனியா பால்டிக் கடலிலிருந்து கருங்கடல்வரை பரந்து கிடந்தது. அரச மகுடம் வரும் வருமென்று காத்திருந்து, அது வருமுன்பே 1430-இல் அவர் உயிர் நீத்தது இந்த த்ராகாயிலேதான்.

பதினேழாம் நூற்றாண்டுப் போர்களில் கோட்டை இடிந்தது. இன்று நாம் காண்பதில் பெரும்பகுதி, சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் மீண்டும் எழுப்பியதே. பழைய பிரபுக்களின் புகழை எழுப்புவதாகும் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவே இந்தத் திருப்பணியைக் கண்டித்தார். ஆயினும் வேலை நிற்கவில்லை. பழைய கல்லுக்கும் புதிய செங்கல்லுக்கும் உள்ள வேறுபாட்டைக் கூர்ந்து பார்ப்பவர்கள் சுவரிலேயே கண்டுகொள்ளலாம்.

பெரும்பாலான பிரயாணிகள் கோட்டையைப் பார்த்து, படம் எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுகிறார்கள். நம்மைக் கேட்டால், கோட்டைக்குப் போகும் வழியிலுள்ள தெருதான் த்ராகாயின் செல்வம் என்போம். கராயிமர் தெரு என்பது அதன் பெயர். மஞ்சளும் பச்சையும் பூசிய மரவீடுகள், முகப்பைத் தெருவுக்குக் காட்டி வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு வீட்டின் முகப்பிலும் மூன்று சன்னல்கள். ஒன்று கடவுளுக்கு, ஒன்று வீட்டாருக்கு, மற்றொன்று விதாவ்தாஸ் மன்னருக்கு என்று ஊரார் சொல்லிவருகிறார்கள். சரித்திரம் இதற்குச் சான்று கேட்கக்கூடும். ஆனால் 600 ஆண்டுகளுக்கு முன் தம்மைக் குடியேற்றிய மன்னருக்கு இன்றும் ஒரு சன்னல் ஒதுக்கும் மக்களின் நெஞ்சை அறிய இந்தக் கதையே போதும்.

கராயிமர் என்போர் யார்? கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியாவிலிருந்து, 1397, 1398-ஆம் ஆண்டுவாக்கில், விதாவ்தாஸ் அழைத்துவந்து குடியேற்றிய மக்கள். காவல் பணியும் கோட்டைப் பணியும் செய்தவர்கள். இவர்களுடைய மொழி துருக்கிய இனத்தைச் சேர்ந்தது. சமயமோ, யூதர்களின் பழைய வேதத்தை மட்டும் ஏற்று, தால்முத் முதலிய பிற்கால உரைகளை ஏற்காத ஒரு தனிச் சமயம். கெனெஸா என்னும் இவர்களுடைய மரக்கோயில் இத்தெருவிலேயே இருக்கிறது. 1441-இல் இவர்களுக்குத் தனி நகராட்சி உரிமையும் கிடைத்தது. போர் ஓய்ந்த காலங்களில் தோட்டக்காரர்களாக வாழ்ந்தார்கள். த்ராகாய் வெள்ளரிக்காய் என்றால் சந்தையில் ஒரு மதிப்பு உண்டு. அது இவர்கள் பயிரிட்டதுதான்.

தில்லியில் கரோல்பாக்கிலும் மும்பையில் மாதுங்காவிலும் வீட்டு வாசலில் கோலமிட்டு வாழும் நேயர்களுக்கு இந்தத் தெரு முற்றிலும் அயலாகத் தோன்றாது. பிள்ளைகள் பள்ளியில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்று வளர்வது நாம் நாள்தோறும் காண்பதே அன்றோ? கராயிமர் இப்படி இருபதுக்கு மேற்பட்ட தலைமுறைகள் வாழ்ந்திருக்கிறார்கள். லித்துவேனியம், போலிஷ், ரஷ்யம் என்று ஆட்சிமொழிகள் வந்தன, போயின. வீட்டுமொழி நின்றது. ஆனால் இன்று அது தளர்ந்துவிட்டது. 2011-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் நாடு முழுவதிலும் கராயிமர் 241 பேர்தாம். அவர்களிலும் மொழியைத் தடையின்றிப் பேசுபவர்கள் சில முதியவர்களே. உப்சாலாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏவா சாத்தோ என்னும் மொழியியலார் இம்மக்களோடு கூடி உழைத்து, த்ராகாயில் கோடைக்கால மொழி வகுப்புகள் நடத்தினார். பாட்டன் பாட்டியர் பேசிய மொழியைப் பேரப் பிள்ளைகள் அங்கே பாடமாகக் கற்றார்கள்.

இந்தத் தெருவில் கிபினாய் என்னும் பலகாரம் கிடைக்கும். நம் சோமாசியைப் போல் பிறைவடிவில் மடித்துச் சுட்டது. உள்ளே ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வைப்பதே மரபு. இறைச்சி உண்ணாதவர்களுக்கென்று கீரையும் பாலாடைக்கட்டியும் வைத்ததும் விற்கிறார்கள். கோடையில் செல்வோர் பீட்ரூட் சூப்பையும் கேட்டு வாங்கலாம். சூப் என்று பெயரே தவிர, நம் வீட்டுப் பீட்ரூட் பச்சடியை மோரில் நீர்க்கக் கரைத்தாற்போல் இருக்கும். வெள்ளரிக்காய் நறுக்கிப்போட்டு, குளிரக் குளிரக் கொடுக்கிறார்கள். பக்கத்திலே சூடான உருளைக்கிழங்கு. அவித்த முட்டையும் அதில் மிதக்கும். வேண்டாதவர்கள் முன்னதாகச் சொல்லிவிடுவது நலம்.

த்ராகாயைப் பார்த்தவர்கள் வில்னியஸுக்குத் தென்மேற்கே உள்ள 'நாற்பது தாத்தாரியர்' என்னும் சிற்றூரையும் பார்த்தால், ஒரு வரலாற்றுப் புதிரைக் கண்ணெதிரே காணலாம். அவ்வூரின் பெயரே அதுதான். அங்கே மரத்தாலான ஒரு சிறு மசூதியும், அதையடுத்து ஓர் இடுகாடும் உண்டு. வேறு காட்சி ஒன்றுமில்லை. தாத்தாரியரும் விதாவ்தாஸ் காலத்திலே வந்து குடியேறிய துருக்கிய இனத்தாரே. இருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வந்தவர்கள், ஒரே மன்னரிடம் பணி செய்தவர்கள். ஆனால் தாத்தாரியர் சில தலைமுறைகளுக்குள் தம் மொழியை மறந்துவிட்டார்கள். தங்கள் இஸ்லாமிய நூல்களையே அரபு எழுத்தில், பெலாரஸ் மொழியிலும் போலிஷ் மொழியிலும் எழுதிவைத்தார்கள். காரணம் என்ன? தாத்தாரிய வீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள் என்றும், வீட்டில் தாயின் மொழியே பிள்ளையின் மொழியாயிற்று என்றும் அறிஞர் கூறுவர். கராயிமரோ தமக்குள்ளேயே மணந்துகொண்டார்கள். ஒருவர் மொழியை விட்டுச் சமயத்தைக் காத்தார்கள்; மற்றவர் இரண்டையும் காத்து, எண்ணிக்கையில் சுருங்கினார்கள். எது சரி என்று தீர்ப்புக் கூற நாம் முன்வரவில்லை.

மூன்றாவது இடம் கெர்னாவே. வில்னியஸுக்கு வடமேற்கே 35 கிலோமீட்டர். ரயில் இல்லை, பஸ்ஸில் ஒரு மணி நேரம். நேரிஸ் ஆற்றின் பள்ளத்தாக்கை ஒட்டி ஐந்து மண்மேடுகள் புல் போர்த்து நிற்கின்றன. ஐந்தும் பழைய கோட்டைகள். 1390-இல் ட்யூட்டானிக் சபையின் படை வந்தபோது கோட்டையும் கீழே இருந்த ஊரும் எரிந்தன. மக்கள் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். பள்ளத்தாக்கிலிருந்த பழைய ஊரை ஈரமண் மூடிக்கொண்டது. அந்த ஈரமே காவலாக நின்று, மரப்பலகை பாவிய தெருக்களைக் கெடாமல் வைத்திருந்து, நம் காலத்து அகழ்வாராய்ச்சியாளர் கையில் ஒப்படைத்தது. 2004-இல் யுனெஸ்கோ இதை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. ஜூன் 23-ஆம் நாள் இரவில் போனால், மேடுகளின்மேல் தீ வளர்த்துப் பாடுவதைக் காணலாம். கிறிஸ்தவம் வருவதற்கு முன்னிருந்த வேனில் விழா அது. சோவியத் ஆட்சியிலேயே, 1967-இல், இளைஞர் சிலர் இங்கே கூடி அதை மீண்டும் தொடங்கினர். தீயை அவர்கள் 'உக்னிஸ்' என்கிறார்கள். வடமொழியின் அக்னி நம் நினைவுக்கு வரும். புகை 'தூமாஸ்', மகன் 'சூனுஸ்'. வடமொழியில் இவை தூமம், சூனு. ஐரோப்பிய மொழிகளுள் லித்துவேனியம் பழைய வடிவங்களை மிகுதியாகக் காத்துவைத்திருப்பதாக மொழிநூலார் சொல்வது இதனால்தான்.

நான்காவது இடத்தை உல்லாசப் பயணம் என்று சொல்ல முடியாது. ஆயினும் சொல்லாமல் விடுவதற்கில்லை. வில்னியஸிலிருந்து த்ராகாய்க்குச் செல்லும் ரயில், பத்து நிமிஷத்தில் பனேரியாய் என்னும் சிறு நிலையத்தில் நிற்கும். பயணிகள் ஏரியை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இங்கே இறங்கி, இருப்புப்பாதையை ஒட்டிச் சிறிது தூரம் நடந்தால் ஊசியிலைக் காடு. காட்டினுள் வட்டவட்டமான பெரும் பள்ளங்கள். எண்ணெய் சேமிப்பதற்காகச் சோவியத் படையினர் தோண்டியவை. 1941-இல் ஜெர்மன் நாஜிகள் வந்தபின், வில்னியஸின் யூதர்களை அழைத்துவந்து இங்கே சுட்டுக் கொன்றார்கள். லித்துவேனியர் சிலரும் அப்படையில் சேர்ந்து இக்கொலையைச் செய்தார்கள். 1944 வரை மாண்ட யூதர்கள் ஏறத்தாழ 70,000 பேர். போலிஷ் மக்களும் ரஷ்யப் போர்க்கைதிகளும் ஆயிரக்கணக்கில் மாண்டனர்.

போருக்கு முன் வில்னியஸை 'லித்துவேனியாவின் எருசலேம்' என்பார்கள். யூதர்களின் இத்திஷ் மொழியில் நாளிதழ்களும் நாடகங்களும் பள்ளிகளும் அங்கே செழித்தன. அம்மொழியை ஆராய்வதற்கென்றே 1925-இல் ஒரு நிறுவனம் தோன்றியது. இன்று அந்நிறுவனம் இருப்பது நியூயார்க்கில். மொழியைக் காப்பது பற்றிச் சற்று முன்பு பேசினோம். இங்கே அந்தக் கேள்விக்கே இடமில்லாமற்போயிற்று. கராயிமரும் இவர்களோடு சேர்ந்து அழிந்திருப்பார்கள்; ஆனால் 1939-இல் பெர்லினில் ஓர் அலுவலகம், அவர்கள் இனத்தால் யூதர் அல்லர் என்று எழுதிவிட்டது. அந்த ஒரு தாளினால் தெருவின் சன்னல்கள் திறந்திருந்தன. அதே த்ராகாயில் வாழ்ந்த யூதர்கள் 1941 செப்டம்பர் 30-இல் கொல்லப்பட்டார்கள்.

பிணங்களை எரித்துத் தடயத்தை மறைக்க, 80 கைதிகளை நாஜிகள் பள்ளத்திலே சங்கிலியிட்டு வைத்திருந்தார்கள். அவர்கள் கரண்டிகளாலும் வெறுங்கையாலும் ஒரு சுரங்கம் தோண்டி, 1944 ஏப்ரல் 15-ஆம் நாள் இரவில் தப்பினார்கள். பன்னிரண்டு பேரளவே உயிர் பிழைத்தவர்கள். அந்தச் சுரங்கம் இருந்த இடத்தை 2016-இல் ஆராய்ச்சியாளர்கள், மண்ணைத் தோண்டாமல், மின்சாரம் செலுத்திக் கண்டறிந்தார்கள். பனேரியாய்க்குப் போகும் நாளில் வேறு எங்கும் போகவேண்டாம் என்பது நம் கருத்து.

இறுதியாகக் கௌனாஸ். மேற்கே 100 கிலோமீட்டர். ரயிலில் ஒரு மணிக்குச் சற்று மேல். வில்னியஸ் போலந்தின் வசம் இருந்த காலத்தில் கௌனாஸே நாட்டின் தற்காலிகத் தலைநகரம். அப்போது எழுந்த புதுப்பாணிக் கட்டடங்களுக்காக 2023-இல் இதுவும் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. நேமுனாஸ் ஆறும் நேரிஸ் ஆறும் கூடும் கூடல்முனையைப் பார்த்துவிட்டு, வைஸ்கந்தோ தெருவிலுள்ள ஒரு வீட்டுக்குப் போகவேண்டும். சாதாரண வீடு. 1940-இல் அது ஜப்பானியத் துணைத்தூதரகம். போலந்திலிருந்து தப்பிவந்த யூதர்கள் வாயிலில் கூட்டமாக நின்றார்கள். ஜப்பான் வழியாகச் செல்ல அனுமதி கேட்டார்கள். துணைத்தூதர் சியூனே சுகிஹாரா தம் அரசாங்கத்துக்குத் தந்தி அடித்தார். விதிகளை மீறக் கூடாது என்று விடை வந்தது. அவர் எழுதத் தொடங்கினார். ஜூலை இறுதி முதல் நாள்தோறும் கையால் எழுதி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட அனுமதிச் சீட்டுகளைக் கொடுத்தார். ஒரு சீட்டில் ஒரு குடும்பமே போகலாம். கரீபியன் கடலிலுள்ள குராசோ தீவுக்குச் செல்ல விசா வேண்டியதில்லை என்று டச்சுத் துணைத்தூதர் யான் ஸ்வார்ட்டென்டைக் முன்னதாகவே எழுதிக்கொடுத்திருந்தார். அந்தக் குறிப்பே இவர்களுக்குப் பற்றுக்கோடாயிற்று. குடும்பங்கள் சைபீரிய ரயிலேறிக் கிழக்கே சென்றன.

அந்த வீடு இன்று நினைவகம். அவர் எழுதிய மேசை இருந்த அறையைக் காட்டுகிறார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் தூதரகத்தை மூடிவிட்டுப் புறப்பட்டபோதும் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை. ரயில் நிலையத்திலும் எழுதினார். வண்டி நகரும்வரை சன்னல் வழியே தாள்களைக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாலையில் வில்னியஸ் திரும்ப நாம் வண்டி ஏறுவதும் கௌனாஸ் நிலையத்திலேதான்.